அனுமதியில்லாமல் போன படகு

பிரிஸ்பேனிலிருந்து குழந்தைகளோடு வந்து தங்கிப் போன நிக்கோல் என்ற டீச்சர், தீவுக் கடற்கரையிலிருந்த வைனிசிவா ரிசார்ட்டுக்கு இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே நீளமாக எழுதியிருந்தாள். வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து கெலெரா அதைப் படித்தாள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தாள்.

"காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று படகோட்டி எங்கள் எதிரிலேயே சொன்னார். மேலாளர்தான் போகச் சொன்னார். பவளத்திட்டுக்கு வெளியே எஞ்சின் நின்றுபோனது. படகில் மிதவைச் சட்டை ஒன்று குறைந்தது. அவர் தன்னுடையதைக் கழற்றி என் மகனுக்கு மாட்டினார். படகு கவிழ்ந்த பிறகு, உதவி வரும்வரை அவனை அலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதன் பிறகு அவரைக் காணவில்லை. அவர் பெயர் சிரேலி."

சிரேலி கெலெராவின் அத்தை மகன். மறுநாள் காலை அலையாத்திக் காட்டு ஓரத்தில் அவன் உடல் கிடைத்தது. இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை.

ரிசார்ட்டைப் பற்றி இணையத்தில் யார் என்ன எழுதினாலும் அதற்குப் பதில் எழுதுவதுதான் கெலெராவின் வேலை. படம் எடுத்துப் போடுவாள். திட்டியவர்களைச் சமாதானப்படுத்துவாள். புகழ்ந்தவர்களுக்கு நன்றி சொல்லி, அந்தப் புகழ்ச்சி மேலே தெரியும்படி பார்த்துக்கொள்வாள். திங்கட்கிழமை தோறும் மேலாளர் டேமியனிடம் வாரத்தின் வசவுகளைப் படித்துக் காட்டுவாள். விபத்துக்கு முந்தைய திங்களன்று, காற்று என்று படகை நிறுத்தியதற்குத்தான் நிறைய வசவு. "இதுதான் பாஸ் நம்ம மதிப்பெண்ணைக் கீழ இழுக்குது" என்று அவளே சொல்லியிருந்தாள்.

படகு போன அன்று படம் எடுக்க அவளும் கரையில்தான் நின்றாள். சிரேலி சொன்னதும் அவள் காதில் விழுந்தது. டேமியன் சொன்னதும் விழுந்தது. "இன்னிக்கும் நிறுத்துனா இணையத்துல நம்மள கிழிச்சுத் தொங்க விட்டுருவாங்க. திட்டு ஓரமாவே ஒரு சுத்து சுத்திட்டு வா." சிரேலி அவளைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். "மச்சினி, என்னைய நல்லா எடு. செத்தா மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணாமா?"

"உன் மூஞ்சிக்கு மாலை ஒரு கேடா, போடா" என்றாள் அவள். அவர்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

டேமியன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். தூங்கியே பல நாள் ஆனவன் போல இருந்தான்.

"பாத்தியா அதை?"

"பாத்தேன் பாஸ்."

"பொய்னு புகார் குடு. எடுத்துருவாங்க. அப்புறம் நம்ம இணையப் பக்கத்துல ஒரு அறிக்கை போடணும். ரெண்டு மொழியிலயும்."

"என்னன்னு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் படகை எடுத்துச் சென்றார். மிகவும் வருந்துகிறோம். அவ்வளவுதான்."

"பாஸ், நான் அங்கதானே நின்னேன்."

"எனக்கும் தெரியும் கெலெரா. ஆனா அவன் திரும்பி வரப்போறதில்ல. இந்த இடத்தை இழுத்து மூடுனா உங்க ஊர்ல எத்தனை அடுப்பு அணையும்? உன் அண்ணன் தோட்டத்துல, உன் சித்தி சமையல்ல. யோசி. உங்க மொழியில நீ எழுதுனாத்தான் சரியா வரும்."

அவள் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதுவது சுலபமாக இருந்தது. தன் மொழியில் எழுதும்போது 'அனுமதியில்லாமல்' என்பதற்கு, பெரியவர்கள் பேச்சை மீறிய பிள்ளை என்ற பொருள் வரும் சொல்தான் கிடைத்தது. வேறு சொல் தேடினாள். பிறகு அதையே போட்டாள். சாயங்காலத்துக்குள் நிக்கோல் எழுதியது மறைந்துபோயிற்று.

அடக்கத்துக்கு முன்தினம் ரிசார்ட்டின் ஆட்கள் ஊருக்கு வந்தார்கள். பாய்களும் மண்ணெண்ணெய் டிரம்முகளும் ஒரு மாடும் கொண்டுவந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முழங்காலிட்டு, மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி திமிங்கலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்திப் பேசினார். "பிள்ளை சொல்பேச்சு கேக்காமப் போயிட்டான். ஆனாலும் அவன் எங்க பிள்ளை. எங்க பக்கத்துல ஏதாவது குறை இருந்தா, இதோட மண்ணுல புதைஞ்சு போகட்டும்."

அந்தப் பல்லை வாங்கிக்கொண்டால் குறையை மன்னித்து மறந்ததாகப் பொருள். ஊர்ப் பேச்சாளர் உடனே கை நீட்டவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ரிசார்ட்டில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாய்களின் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த கெலெராவிடம் அத்தை வசிதி மெல்லக் குனிந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது.

"கெலெரா, நீ அங்கதானே இருந்தே. எம்புள்ள கேக்காமயா போனான்?"

கெலெராவுக்கு வாய் திறந்தது. எதிரே சமையல்காரச் சித்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சரியா கேக்கல அத்தை. காத்து அடிச்சுது."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பேச்சாளர் பல்லை வாங்கிக்கொண்டார். ஆண்கள் கை தட்டி ஏற்றார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அறிக்கைக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'பொறுப்பில்லாத முட்டாள்.' 'குடித்திருப்பான்.' 'பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தான், அவன் போனதே நல்லது.' கெலெரா ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். டேமியன் கூப்பிட்டு அனுப்பினான்.

"ஏன் அழிக்கறே? இருக்கட்டும். அவங்க கோவமெல்லாம் நம்ம மேல இல்லியே."

"அவன் குடிக்கவே மாட்டான் பாஸ். எல்லாரும் யங்கோனா வேரைக் கலக்கிக் குடிக்கிற பாத்திரத்துக்கிட்டக்கூட உக்கார மாட்டான். ஊரே கிண்டல் பண்ணும்."

"நாம ஒண்ணும் அப்படிச் சொல்லலியே. சும்மா இரு."

படகு விபத்தை விசாரிக்கத் தலைநகர் சுவாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கரையில் கொஞ்சம் நடந்தார். நிக்கோல் ஊருக்குப் போய்விட்டாள், மற்ற விருந்தினரும் போய்விட்டார்கள். கெலெராவிடம் அவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, தன் போனில் அவள் எழுதிய அறிக்கையைக் காட்டி, "இது நீங்க போட்டதுதானே? இது போதும்" என்றார்.

அன்று மதியம் கெலெரா ரிசார்ட்டின் இணையப் பக்கத்திலேயே, தன் பெயர் போட்டு, கரையில் கேட்டதை எல்லாம் எழுதினாள். திங்கட்கிழமை தான் சொன்னதையும் சேர்த்து எழுதினாள். போட்டுவிட்டு, குடையையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தாள். பேருந்து வருவதற்குள் அது எடுக்கப்பட்டுவிட்டது. பக்கத்தைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் மாறியிருந்தது. அதே வாரம் அண்ணனுக்கும் வேலை போயிற்று.

அத்தை கொல்லையில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கெலெரா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை கத்தியை நிறுத்தவேயில்லை.

"இதை எங்க சொன்னே?"

"அவங்க பக்கத்துல போட்டேன் அத்தை. எடுத்துட்டாங்க."

"போன்லயா." அத்தை சீவிய கிழங்கை வாளித் தண்ணீரில் போட்டாள். "எனக்கு அன்னிக்கு வேணும்டி. ஊர் முழுக்கப் பாய் விரிச்சு உக்காந்திருந்துச்சே, அப்ப வேணும். உன் காதுல வாய வச்சுக் கேட்டேனே."

ஊர்ப் பேச்சாளரிடமும் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீ சொல்றது நிசம்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு. அதான் கையை நீட்டாம இருந்தேன். ஒருத்தரும் வாயைத் தொறக்கல. இப்ப பல்லை வாங்கிட்டோம், கை தட்டிட்டோம். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசறதில்லம்மா. எங்க அப்பன் வந்து சொன்னாலும் பேசறதில்ல." எழுந்து உள்ளே போனார்.

நிக்கோல் வேறு இடங்களில் எழுதிப் பார்த்தாள். எங்கே எழுதினாலும் பொய்யென்று புகார் போய், எழுதியது மறைந்தது. பிறகு எழுதுவதை நிறுத்திக்கொண்டாள். கெலெராவுக்கு மட்டும், மகன் இன்னும் குளியல் தொட்டியில் இறங்க மாட்டேன் என்கிறான் என்று ஒரு செய்தி அனுப்பினாள். அத்தை, கெலெராவின் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தேவாலயத்தில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அடுத்த விடுமுறைக் காலத்துக்கு முன்னால் ரிசார்ட்டுக்கு வேறு பெயர் வைத்தார்கள். கடல், நீலம், அமைதி எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய ஆங்கிலப் பெயர். பழைய பெயரோடு பழைய பக்கமும் போயிற்று. அதில் இருந்த நல்லதும் கெட்டதும் எல்லாமே போயின. புதுப் பக்கம் புத்தம்புது நட்சத்திரங்களோடு தொடங்கியது.

கெலெரா சிங்கடோகா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். ஒருநாள் அவள் போன் அடித்தது. அடுத்த ஊரைச் சேர்ந்த லுசியானா. ரிசார்ட்டில் இப்போது இணைய வேலையைப் பார்ப்பவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் பொதுவுல கேட்டிருக்கார், 'முன்னாடி ஒரு படகோட்டி செத்த இடம் இதுதானே?'ன்னு. நீங்கன்னா இதுக்கு என்ன எழுதுவீங்க?"

"ஆமான்னு எழுது. அவர் பேரு சிரேலின்னு எழுது."

லுசியானா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, என் தம்பிங்க ரெண்டு பேரும் இன்னும் படிச்சிட்டிருக்காங்க."

"தெரியும் லுசி."

"வேற ஏதாவது சொல்லிக் குடுங்களேன். உங்களுக்குத்தான் நல்லா வரும்னு எல்லாரும் சொல்றாங்க."

கெலெராவுக்கு உண்மையிலேயே வந்தது. கேட்டதுமே நாக்கு நுனியில் வந்து நின்றது: தங்கள் அக்கறைக்கு நன்றி, புதிய நிர்வாகம், பாதுகாப்பே எங்கள் முதல் கடமை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கடையில் ஒரு கிழவர் இருமல் மருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேற தெரியாது" என்று போனை வைத்தாள்.

வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். லுசியானா எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை. கேள்வியே அங்கே இல்லை.