மூடி வைத்தால் பேசாது

1

இந்தக் கதை, கதையாகப் பிறக்கவில்லை. மின்சாதனக் கடை ஒன்று வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இதழுக்கு, ‘மடிக்கணினியைப் பேணுவது எப்படி’ என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு லேப்டாப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார், அது போதும். என் அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அந்தத் துணியால் அவர் லேப்டாப்பைத் துடைப்பதைப் பார்த்தால், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுகிறார் என்றே நினைப்பீர்கள்.

(கடைசி வாக்கியத்தை ஒருமுறை அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன். இருக்கட்டும். அப்படித்தான் துடைக்கிறார்.)

2

கட்டுரையின் தொடக்கம்: மடிக்கணினியை மடியில் வைக்காதீர்கள்.

அத்தான் சொன்ன முதல் விதி அது. அடியிலிருக்கும் காற்றுத் துளை அடைபட்டுச் சூடு ஏறுமாம். பெயரிலேயே மடியை வைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு மடி ஆகாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மெத்தையும் ஆகாது, பலகைதான். டீ டம்ளரோடு பக்கத்தில் வரக்கூடாது. எந்நேரமும் சார்ஜிலேயே கிடக்கக்கூடாது. வேலை முடிந்ததும் மூடி, உறைக்குள் போட்டு, அலமாரியில்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா விசைப்பலகையில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டி அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்று மூடியைச் சாத்தினார். அக்காவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. அக்கா வேலை எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

3

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் பக்கத்து இருக்கையிலிருந்து போட்ட சத்தத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் எழுதிக் காட்டவும் மறுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தாள்.

பிறகுதான் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், எழுதியதைப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை அவளுடைய லேப்டாப்பில் போட்டுக்கொடுத்தார்.

(போன் போதாதா என்று கேட்பீர்கள். அக்கா பத்து விரலாலும் தட்டச்சு அடிப்பவள். போனில் ஒற்றை விரலால் குத்திப் பேசுவது அவளுக்குத் திக்கிப் பேசுவது மாதிரி.)

அந்தக் குரல் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். “உனக்கு அறிவிருக்கா?” என்று அவள் திட்டினால், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவதுபோல் மரியாதையாகக் கேட்கும். திட்டு வாங்கியவர் சிரித்துவிடுவார். அக்காவுக்கு இன்னும் கோபம் வரும்.

4

இப்போது அத்தான். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். சுலபமாக வந்தது. ‘மனைவியைவிட ஒரு பொருளை அதிகமாக நேசித்த அந்த மனிதர்’ என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. கிழித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பொய். ஏன் என்பதற்கு அடுத்த பகுதி.

5

அக்கா மறுபடி வேலைக்குப் போனாள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆகவே முதலில் கால் பேசும், காரணத்தை லேப்டாப் சொல்லும். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைப் பொத்தானுக்கு ஒன்றாகச் சேமித்து வைத்துக்கொண்டாள். ‘கண்ணாடியைப் பாரு.’ ‘கிளட்ச்சை விடாதே.’ ‘அழாதே, ஓரமா நிறுத்து.’

லேப்டாப்பைக் காருக்குக் கொண்டுபோவதை மட்டும் அத்தானிடம் சொல்லவில்லை.

அவளிடம் புதிதாகச் சேர்ந்தவர் பேக்கரி நடத்தும் ஓர் அம்மா. அடுப்படியிலிருந்து நேராக வந்து காரில் ஏறுவார். அத்தான் ஒரு நாள் சின்னப் பிரஷ்ஷால் விசைகளின் இடுக்கைச் சுத்தம் செய்தபோது வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தார். மைதா. மூடியில் சீட் பெல்ட் கொக்கி கிழித்த கோடும் இருந்தது. அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அக்கா ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

அவர் கத்தவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“வெயில்லயும் குலுக்கல்லயும் இதைக் கொண்டுபோயிருக்கே. இது போச்சுன்னா நீ எப்படிப் பேசுவே? மறுபடி சுவரைப் பாத்துட்டுப் படுத்துப்பே. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால ஆகாது.”

அவர் துடைத்ததெல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் வழக்கமான வேகத்தில் தட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். செய்தி வாசிக்கும் குரல் சொன்னது:

“மூடி வச்சா மட்டும் நான் பேசுறேனா?”

6

முடிவுகள்.

(அ) லேப்டாப் காரில் விழுந்து உடைகிறது. அத்தான் சொன்னது பலிக்கிறது. அழவைக்கும் முடிவு, ஆனால் என் அக்கா அப்படியெல்லாம் கைதவறுகிறவள் இல்லை.

(ஆ) அத்தான் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்க, இருவரும் கைகோத்து... வேண்டாம். இருவருக்கும் பழக்கமில்லாத காரியம்.

(இ) நடந்தது.

7

அத்தான் முதல் வேலையாக, அவள் சேமித்த வாக்கியங்கள் அனைத்தையும் தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தார். அடுத்து அளவெடுத்து, பயிற்சிக் காரில் அக்காவின் இருக்கைக்குப் பக்கத்தில் கை எட்டும் உயரத்தில், ரப்பர் ஓரம் வைத்த ஒரு தட்டை முடுக்கினார். அடியில் காற்றுப் போக இடைவெளியும் விட்டார். தட்டு நிற்கிறதா என்று பார்க்க, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். எழுத்தாளரம்மாவும் வரட்டும் என்றார். ஏறினேன்.

பேக்கரி அம்மா ஓட்டினார். நின்றிருந்த வேன் ஒன்றின் கதவு திடீரென்று திறந்தது. அவர் உறைந்துபோக, அக்காவின் கால் பிரேக்கை அழுத்தியது. நாங்கள் எல்லோரும் முன்னால் போய் மோதித் திரும்பினோம். லேப்டாப் அசையவில்லை.

அக்கா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அத்தானைப் பார்த்தாள். பொத்தான்களை விட்டுவிட்டு, புதிதாகத் தட்டினாள். அந்தக் குரல் சொன்னது:

“[                              ]”

இந்த இடத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். வரைவைப் படித்தவள் அழித்துவிட்டாள். அது அவருக்குச் சொன்னதாம், உன் வாசகர்களுக்கு வேண்டுமானால் அவர்களே எழுதிக்கொள்ளட்டுமாம். எழுதிக்கொள்ளுங்கள், தவறாகப் போகாது. நான் தரக்கூடியது இவ்வளவுதான்: பேக்கரி அம்மா காதில் விழாதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் முன்னால் குனிந்து, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

அவள் சொன்னாள்.