முதல் வரி சாமிக்கு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் என் வேலை மெஷினுக்குப் புத்தி சொல்லி எழுதுவது. தோல் பதனிடும் டேனரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் எக்செல் ஷீட்டுகளை மனுஷக் கை படாமல் சிஸ்டத்தில் ஏற்ற ஒரு டூல் வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டுவது ஏ.ஐ. ஏஜென்ட். ஷீட்டை எப்படிப் படிக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அதற்கு நான் ஒரு கைடு எழுதித் தர வேண்டும். ஜெர்மனி ஆர்டர் தப்பில்லாமல் ஏறினால் என்னைப் பர்மனென்ட் செய்வதாக முதலாளி வக்கார் அகமது சொல்லியிருந்தார். சொந்த ஊரான அணைக்கட்டில் என் அம்மா அமிர்தவள்ளி அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி என்னைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டாள். இனி நான் தோற்றால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

முதல் நாள் ஏஜென்ட் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. "புதிய சப்ளையர்: கர்த்தர் துணை. ஜி.எஸ்.டி. எண் இல்லை. பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." அதற்குக் கீழே 786 என்ற பெயரில் புதிதாக ஒரு தோல் ரகம், ஸ்டாக் இல்லை என்ற குறிப்போடு.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் யாரும் ஷீட்டைப் பெயர், அளவு, விலை என்ற ஹெட்டிங்கில் ஆரம்பிப்பதில்லை. வாணியம்பாடி டேனரியிலிருந்து கலீமுல்லா பாய் அனுப்பினால் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக மேலே 786 இருக்கும். எங்கள் அக்கவுன்ட்ஸ் துரைசாமி சார் பிள்ளையார் சுழி போடுவார். லைனிங் துணி அனுப்பும் வேலூர் பாகாயம்காரருக்குக் கர்த்தர் துணை. டூலோ முதல் வரியில் எது இருந்தாலும் அதைச் சப்ளையர் பெயர் என்றோ சரக்கின் பெயர் என்றோ நம்பும்.

எல்லோரையும் ஹெட்டிங்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிப் பார்த்தேன். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத துரைசாமி சாரும் கலீமுல்லா பாயும் எனக்கு எதிராக ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"சாமி பேர எடுத்துட்டு இன்னாம்மா கணக்கு? அந்த மெஷின ரெண்டாவது வரிலருந்து படிக்கச் சொல்லு," என்றார் துரைசாமி சார். பாயும் போனில் அதையேதான் உருது கலந்து சொன்னார். மனுஷனைவிட மெஷினுக்குச் சொல்வது சுலபம் என்று கோபத்தோடு உட்கார்ந்து கைடில் எழுதினேன்: "முதல் வரி சாமிக்கு. அதை ஏற்றாதே, ரிப்போர்ட்டிலும் சொல்லாதே."

நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் பேக்கிங் கோபி அவசரத்தில் சாமியை மறந்துவிட, அவனுடைய ஹெட்டிங் சாமி கணக்கில் போய்விட்டது. உடனே இன்னொன்றும் சேர்த்தேன்: "முதல் வரியிலேயே ஹெட்டிங் இருந்தால் ஷீட்டை ஏற்றாதே. சாமி வரியைச் சேர்த்து அனுப்பும்படி மரியாதையாகக் கேள்." எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஜெர்மனி ஷீட் வந்தது. அவர்கள் ஊர் வழக்கப்படி மேலே வெறும் ஹெட்டிங். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஏஜென்ட் அங்கே ஆர்டர் பார்க்கும் ஜெர்மன் அம்மாவுக்கு நல்ல இங்கிலீஷில் மெயில் போட்டிருந்தது. தங்கள் ஷீட் கடவுளுக்கான வரி இல்லாமல் வந்துள்ளது, தயவுசெய்து சேர்த்து அனுப்பவும், தாமதத்திற்கு வருந்துகிறோம்.

ஆர்டர் போச்சு, வேலையும் போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். துரைசாமி சார் மட்டும் மெயிலை நிதானமாகப் படித்துவிட்டு, கேட்டதில் என்ன தப்பு என்றார். அவரை அப்படியே கடித்துவிடலாம் போலிருந்தது.

சாயங்காலம் ஷீட் திரும்பி வந்தது. ஏஜென்ட் வாங்கிப் படித்துவிட்டு, "ஆர்டர் ஏற்றப்பட்டது, பிழை இல்லை" என்றது. நம்ப முடியாமல் ஷீட்டை நானே திறந்தேன். முதல் வரியில் அந்த அம்மா இங்கிலீஷில் எழுதியிருந்தார்: "கடவுளே, இந்தத் தடவையாவது ஆம்பூரிலிருந்து சரக்கு சொன்ன தேதியில் வரட்டும்."

சத்தமில்லாமல் மூடிவிடலாம் என்று பார்த்தேன். முதலாளி அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்தார். வாய்க்குள்ளேயே ஒரு முறை படித்தார். பிறகு இன்னொரு முறை.

"இத ஏன் மெஷின் சொல்லல?"

"சாமி வரிய ரிப்போர்ட்ல சொல்லக் கூடாதுன்னு நான்தான் எழுதியிருக்கேன், சார்."

அவர் உடனே கலீமுல்லா பாய்க்குப் போன் போட்டு, காலையில் தோல் இங்கே இருக்க வேண்டும், காரணம் எதுவும் வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பர்மனென்ட்மா. மத்ததெல்லாம் அது படிக்கட்டும். தெனம் காலைல மொதல் வரிய நீ படிச்சி எங்கிட்ட சொல்லு."

ஏஜென்ட் இப்போது எல்லா நாட்டுக்காரர்களிடமும் மரியாதையாகக் கேட்கிறது. அவர்களும் தயங்காமல் எழுதுகிறார்கள். நேற்று இத்தாலியிலிருந்து, ஷூவிலிருந்து சோல் பிரியாமல் இருக்க வேண்டும் என்று உருக்கமாக ஒன்று வந்தது. படித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம், நிறைவேற்றுவது வேறு டிபார்ட்மென்ட் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.