ஐந்து வாக்கியங்களுக்கு மட்டும் அனுமதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, பழைய சாமான் கடையில் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு மஞ்சள் அட்டை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பெண்கள் பேச அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் என்று ஐந்தை அச்சடித்திருந்தார்கள்: எண் சொல்லுங்கள். இணைக்கிறேன். லைன் காலியில்லை. பதில் இல்லை. பேசி முடித்துவிட்டீர்களா? ஆறாவதாக யாரோ பென்சிலில் எழுதியதை வேறு யாரோ அழித்திருந்தார்கள். எப்படிச் சாய்த்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

2

முதல் தொடக்கம்: 'மழை ஓய்ந்த ஒரு மாலையில், பேரழகி ஒருத்தி...'

வேண்டாம். அவள் அழகியா என்று எனக்கே தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவர்களுக்குள் இருந்ததெல்லாம் குரல்தான்.

இரண்டாவது தொடக்கம்: அவள் நெசவாலைத் தறிக்காரரின் மகள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. எதிரே துளைத் துளையாக ஒரு பலகை. யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுத் துளைமேல் குட்டி மூடி டக்கென்று விழும். அவள் கம்பியைச் சொருகி எண் கேட்பாள். அவன் அதே ஆலை முதலாளியின் மகன். திங்கட்கிழமைதோறும் நூலகத்துக்கு இணைப்புக் கேட்பான். திங்கட்கிழமை நூலகம் விடுமுறை. அவளும் சிரத்தையாக மணியடித்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்பாள். நன்றி சொல்லி வைத்துவிடுவான். பதினோரு வாரம் இப்படியே போயிற்று.

பன்னிரண்டாவது வாரம் அவள் மணியே அடிக்கவில்லை.

"பதில் இருக்குங்க" என்றாள்.

(இதை எழுதிவிட்டு நானே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

3

கதாநாயகன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் கல்யாண விஷயத்தை வியாழக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், வெள்ளி காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், அப்புறம் உன் அப்பாவை முறையாக வந்து பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவன் அப்பாவிடம் சொல்லும் காட்சியை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். நான் என்ன செய்ய?

வெள்ளி பத்து மணி. ஆலை முதலாளி வீட்டு மூடி விழுந்தது.

[கம்பி வழியே வரும்போது அப்பா குரலும் மகன் குரலும் அச்சு அசல் ஒன்றுதான். அது அவளுக்குத் தெரியும். வழக்கமாக, கேட்கும் எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். அன்றைக்கு "ஹலோ" கேட்டதுமே அவசரப்பட்டுவிட்டாள்.]

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நிதானமாக:

"இன்னும் யாரும் சொல்லலம்மா. நான்தான் அப்பா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் எழுத வசதியாக இருந்திருக்கும். யார் மகள் என்று மரியாதையாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். நான்கு மணிக்கு மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். அதற்குள் அவள் வேலையிலிருந்து விலகி, அவனையும் மறந்தாக வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் அவள் அப்பாவுக்குத் தறி கிடையாது.

4

மத்தியானம் ஆலை வாசலுக்கு ஓடினாள். அப்பாவுக்குப் பத்தொன்பது வருடத் தறிச் சத்தத்தில் காது மந்தம். அதனால் காதோடு சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்ல முடிந்தது. வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவளுக்கு உயிரே போய்விட்டது.

அப்பா கையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். (இந்த இடத்தில் அவருக்கு ஒரு வீர வசனம் வைத்திருந்தேன். அவர் அதைப் பேசவில்லை.)

"வேலை போனா பரவால்லன்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லம்மா. போனா கஷ்டந்தான். ஆனா எனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன்னு நாளைக்கு என்கிட்ட வந்து சொல்லிடாத. அதை என்னால தாங்க முடியாது."

5

முடிவு அ: நான்கு மணிக்குக் கூப்பிடுவது மகன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சுபம். உப்பு ஜாடி ஞாபகம் வருகிறது, எழுத மனம் வரவில்லை.

முடிவு ஆ: கூப்பிடுவது முதலாளி. அவள் விலகல் கடிதத்தை...

முடிவு இ: முதலாளி மனம் இளகி... போதும்.

கூப்பிடுவது யார் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அப்போது கண்ணாடி போடாமல் சுவரில் மாட்டியிருந்த அந்த ஐந்து வாக்கிய அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பயந்துகொண்டுதான் எழுதினாள், அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கிறது.

மூடி விழுந்தது. ஆலை வீடு. முதுகுக்குப் பின்னால், இணைப்புப் பெண்களைக் கண்காணிக்கும் மேற்பார்வை அம்மாவின் செருப்புச் சத்தம் நின்றது. அவள் கம்பியைச் சொருகினாள். ஹலோவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"நான் வேலையையும் விடல, மனசையும் விடல. நீங்க ரெண்டு பேர்ல யாரா இருந்தாலும் என் பதில் இதான்."

(அட்டையில் அழிந்துபோன வரி இதுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குக் கேட்டது இது.)

அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் மூச்சும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இனி அவள் சொல்ல ஒன்றுமில்லை, நான் எழுதவும் ஒன்றுமில்லை. இப்போது லைனில் இருப்பது நீங்கள். என்ன சொல்வதென்று யோசித்துச் சொல்லுங்கள். பேசி முடித்துவிட்டீர்களா என்று அவள் இன்றைக்குக் கேட்க மாட்டாள்.