பத்தைக் கழித்துக்கொள்ளவும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். கடலோர ஊர் ஒன்றில், மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் இடத்தில், பக்கத்து நாற்காலிகளில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர்கள் பேசியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘நீலக் கடல் அலை அலையாக விரிந்து…’

(அடித்துவிட்டேன். அவள் கடலைப் பார்க்கவே இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: “எவ்வளவு இருக்குங்க?” என்று கேட்டாள் அவள்.

இது தேவலாம். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் திரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டுகிற அவருக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கும் அவளுக்குத் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“அம்பது இருக்கு. நீ கடலைப் பாரு.”

அவள் மனதுக்குள் பத்தைக் கழித்தாள். நாற்பது.

3

ஏன் கழிக்கிறாள்? அதற்காகவே அவரை லிப்ட் மெக்கானிக் ஆக்கினேன். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று “ரெண்டு நிமிஷம்தான், இதோ திறந்துடறேன்” என்று சொல்லியே காலம் தள்ளியவர். ஒருநாளும் இரண்டு நிமிடத்தில் திறந்ததில்லை. ஆனால் ஒருவரையும் உள்ளே விட்டுவிட்டு வீடு வந்ததும் இல்லை.

அவள் தையல்காரி. அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்கு, அவர்களிடம் சொல்லாமலே ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவாள். புருஷன் சொல்வதில் பத்தைக் கழிப்பாள். அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. (இந்த வாக்கியத்திலும் பத்தைக் கழித்துக்கொள்ளவும்.)

4

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் டாக்டரிடம் போய் வந்தார். படியேறினால் மூச்சு வாங்குகிறதே என்று அவள்தான் நச்சரித்து அனுப்பினாள். கூட வருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஒண்ணுமில்லையாம்” என்றார். மறுநாள், லீவு என்ற சொல்லே தெரியாத அந்த மனிதர், “வா, கடலோரமா ஊர் ஊரா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்” என்றார்.

ஒண்ணுமில்லை என்பதில் பத்தைக் கழித்தால் என்ன வரும்? வழியெல்லாம் இதைத்தான் அவள் போட்டுப் பார்க்கிறாள். படகுத்துறையும் கலங்கரை விளக்கமும் வலை உலர்த்திய தெருக்களும் வந்து போயின. எதுவும் கண்ணில் ஏறவில்லை.

(நேராகக் கேட்டுவிடேன் என்று நானே அவளைத் தூண்டிப் பார்த்தேன். மறுத்துவிட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே.)

5

சார்ஜ் போட நினைத்திருந்த ஊரில் மெஷின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ரிப்பேராம். அடுத்த ஊருக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

“எவ்வளவு இருக்குங்க?”

“முப்பத்தஞ்சு. தாராளமா போகும்.”

இருபத்தைந்து. அவள் ஏசியை அணைத்தாள்.

“வேர்க்குதேம்மா.”

“வேர்க்கட்டும். ரோட்டைப் பாருங்க.”

ஏற்றம் முடியவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் கேட்டாள், அவர் சொன்னார், அவள் கழித்தாள். அவர் நெற்றியில் வழிவது வேர்வைதானா, வேறேதாவதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

(மாற்று முடிவு: கார் நின்றுவிடுகிறது. அவர் இறங்கித் தள்ளுகிறார். மூச்சு வாங்க, மார்பைப் பிடித்துக்கொண்டு… வேண்டாம். எனக்கே பயமாக இருக்கிறது.

இன்னொன்று: டாக்டரே போன் செய்கிறார், ஸ்பீக்கரில்… சீ.)

போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“இன்னும் இருபது மிச்சம். இதுக்குப் போய் இப்படிப் பயந்தியே” என்று சிரித்தார்.

பத்து. அவள் பெருமூச்சு விட்டாள்.

6

அவர் கேபிளைச் செருகினார். சார்ஜ் மெஷினின் திரை பெரிசு. யாரும் படிக்கலாம். அவள் படித்தாள்.

மூன்று.

கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். வழியில் நின்றிருப்போமே என்பதற்காக அல்ல. இத்தனை வருஷமாக அவர் பத்துதான் கூட்டுகிறார் என்று நம்பியிருந்தாள். ஆபத்து பெரிதாகப் பெரிதாக அவர் கூட்டுவதும் பெரிதாகும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு வாரமாகக் கொஞ்சமாவது தூங்கினாள்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“டாக்டர் என்ன சொன்னாருங்க?”

இங்கே என் கை நின்றது. பதில்கள் எழுதிப் பார்த்தேன். ‘மாத்திரை போதுமாம்.’ ‘ஆபரேஷன் பண்ணணுமாம், ஆனா…’ ‘இன்னும் ஒரு…’ எதை வைத்தாலும், உங்களைப் பயமுறுத்தாமல் இருக்க நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

7

ஆகவே என் காதில் விழுந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். அவர் மெஷின் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

“ரெண்டு நிமிஷம் குடு, சொல்றேன்.”

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, என் காரை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்த, அவள் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள்.