புழுவுக்கு நாவூறு

லாசால் பகுதியில், ஆனந்தராசா வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில், ஐந்நூறு சிவப்புப் புழுக்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் குடிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை வாழ்ந்ததெல்லாம் இதற்கான ஆயத்தம்தான் என்று பிறகு ஒரு கூட்டத்தில் சொன்னார்.

தமிழர் நலன்புரி மன்றம் புதிதாகப் பசுமைப் பிரிவு ஒன்றைத் தொடங்க இருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் தேவை. ஆனந்தராசா அந்த மன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கதிரை அடுக்குகிறவர். மேடையில் போட்ட கதிரை எதிலும் ஒருநாளும் இருந்ததில்லை. இதுவும் தவறினால் இனி ஒன்றும் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சமையலறைக் கழிவைப் புழுவுக்குப் போட்டு உரமாக்குவது பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதினார். 'விஞ்ஞானபூர்வமான' என்ற சொல் அதில் பதினேழு தரம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: உப்பு, உறைப்பு, புளி கூடாது.

வாசலில் மாநகரசபை கொடுத்த மண்ணிறத் தொட்டி ஒன்று ஏற்கெனவே நின்றது. அவருடைய மனைவி குணேஸ்வரி கிழமைக்கு ஒருதரம் கழிவை அதில் கொட்டி வீதியோரம் வைப்பார். லொறி வந்து கொண்டுபோகும்.

"அவங்களும் உரம்தானே செய்யிறாங்கள்?" என்று கேட்டார் குணேஸ்வரி.

"செய்யிறாங்கள். அதில என்ர பங்கு என்ன?"

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை ஆனந்தராசா பேஸ்புக்கில் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். புரோசார்டில் இருந்து ஒருவர் 'நல்ல செழிப்பான புழுக்கள்' என்று எழுதினார். அன்று பின்னேரம் ஆனந்தராசா தேத்தண்ணி குடிக்கவில்லை.

"அவன்ர கண் பொல்லாத கண்" என்றார். "உப்பும் செத்தல் மிளகாயும் எடும்."

"புழுவுக்கு நாவூறோ?"

"நீர் எடும்."

சுற்றிய உப்பையும் மிளகாயையும் நெருப்பில் போடவேண்டும். போன வருடம் புதுக் காருக்குச் சுற்றிப்போட்டு அடுப்பில் கருக்கியதில் புகை அலாரம் அலறி, இரண்டு தீயணைப்பு வண்டி வந்து, அரைவாசித் தெரு வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றது. இம்முறை நெருப்பு வேண்டாம் என்று முடிவானது. ஐந்நூறு பேருக்கு ஒரு பிடி காணாது என்று மூன்று பிடி உப்பு எடுத்தார். பெட்டியை மூன்று தரம் சுற்றினார். பிறகு எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே கொட்டி மூடினார்.

"கையேட்டில உப்புக் கூடாதெண்டு எழுதினனீங்களெல்லே?"

"அது சாப்பாட்டுக்கு. இது வேற விஷயமப்பா."

சனிக்கிழமை மூன்று மணிக்கு மன்றத் தலைவி ஞானாம்பிகையும் செயலாளர் பத்திநாதரும் பெட்டியைப் பார்த்து முடிவு சொல்ல வருவதாக இருந்தது. பத்து மணிக்கு ஆனந்தராசா மூடியைத் திறந்தார். ஐந்நூறு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

படியில் இருந்துவிட்டார்.

"ஒரு கதிரை" என்றார். "ஒரேயொரு கதிரைதானே கேட்டனான்."

குணேஸ்வரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூலை டெப்பனர் கடைக்குப் போனார். அங்கே பால் வைக்கும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தூண்டில் போடுகிறவர்களுக்கென்று புழு டப்பா அடுக்கியிருக்கும். பத்து வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் எடுக்கிறார். இன்றைக்குக் குனிந்து நாலு டப்பா எடுத்தார். நிறைய மீன் படட்டும் என்று கடைக்காரன் பிரெஞ்சில் வாழ்த்தினான். "மெர்சி" என்றார்.

செத்த புழுவும் உப்பு மண்ணும் மண்ணிறத் தொட்டிக்குப் போயின. பூச்சாடி மண்ணும் கிழித்த பேப்பரும் நாற்பத்தெட்டுப் புதுப் புழுவும் பெட்டிக்குள் வந்தன. எண்ணிக்கையில் குறைவு, தடிப்பில் ஈடு.

ஞானாம்பிகை சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார். "எனக்கு இஞ்ச இருந்தே நல்லாத் தெரியுது" என்றார். பத்திநாதர்தான் கிட்டப் போய்க் குந்தினார். மன்னார்க்காரர். ஞாயிறு பூசை முடிந்தால் லாசால் ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்பவர் என்பது மன்றம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனந்தராசாவுக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பத்திநாதர் ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் தடிப்பு.

"நல்ல வளர்த்தி, அண்ணை."

"எல்லாம் கையேட்டு முறைதான்."

"குளிர்ந்துபோய்க் கிடக்குதுகள்."

"பேஸ்மென்றெல்லே."

"ஓமோம். என்ன தீன் போடுறனீங்கள்?"

"வாழைப்பழத் தோல்... தேயிலைச் சக்கை..."

பத்திநாதரின் பார்வை மெல்ல உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் போனது. அதன்மேல் டப்பா மூடியொன்று கிடந்தது. மூடியில் அச்சடித்த மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. குணேஸ்வரி துவாயொன்றை எடுத்து அதன்மேல் போட்டார். பத்திநாதர் பார்த்ததை அவர் பார்த்தார். அவர் பார்த்ததைப் பத்திநாதரும் பார்த்தார்.

"என்ன செயலாளர், திருப்தியோ?" என்று படியில் இருந்து குரல் வந்தது.

ஆனந்தராசா மூடியை எடுத்துப் பெட்டியை மூடப் பார்த்தார்.

"அக்கா" என்றார் பத்திநாதர், "இருவது வருசமா நான் புழுவோட பழகிறவன். இப்பிடியொரு புழுவை ஒருதற்ற வீட்டிலையும் கண்டதில்லை."

"அப்ப முடிஞ்சுது. ஆனந்தராசா அண்ணைதான் பொறுப்பாளர்."

தலைவி காரில் ஏறினார். பத்திநாதர் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார். கட்ட அதிக நேரம் எடுத்தது.

"அண்ணை, நாளைக்குப் பூசை முடிய இந்தப் பக்கம் வாறன். ஒரு பன்ரெண்டு புழு காணும்."

அடுத்த மாதம் ஆனந்தராசா மேடைக் கதிரையில் இருந்தார். பிறகு எழுந்து, மண்ணின் மௌனத் தொழிலாளர்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பத்திநாதர் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

இப்போது ஒவ்வொரு சனியும் ஆனந்தராசா டெப்பனருக்குப் போய்ப் புழு வாங்கிப் பெட்டியில் விடுகிறார். ஞாயிறு பத்திநாதர் வந்து பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார். நேரே டப்பாவைக் கொடுத்தால் இருவருக்கும் வேலை மிச்சம்; ஆனால் அதற்கு யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்கவேண்டும். மன்றக் குறிப்பேட்டில் இது 'வாராந்தப் பரிசோதனை' என்று பதிவாகிறது.

மீன் பட்டால் பத்திநாதர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். குணேஸ்வரி குழம்பு வைப்பார். தலையையும் செதிலையும் மண்ணிறத் தொட்டியில் போடுவார். அது உரமாகும்.