சகலைக்குக் கொடுத்த சிப்பிகள்

மூத்த மாப்பிள்ளை பல வருஷமாக வேலை பார்த்துவந்த சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்துக்கே சின்ன மாப்பிள்ளையும் வந்து சேர்ந்த வாரம்தான், மூத்தவருக்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது. டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். சகலையைக் குறைக்க வழி உண்டா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

சகலைத் தொல்லை வீட்டோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பார். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயுமாகக் குடியிருந்தார்கள். மாமியார் இரண்டுக்கும் நடுவே படியேறி இறங்கிச் செய்தி பரப்பிக்கொண்டிருந்தார். "குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சே, சின்னவர் வந்த கையோட சரி பண்ணிட்டார், பாத்தீங்களா?" என்பார். அந்தக் குழாய் சொட்டுகிறது என்று முதலில் கண்டுபிடித்தது மூத்தவர்தான். ஆனால் கண்டுபிடிப்புக்கு அந்த வீட்டில் மரியாதை கிடையாது.

மரியாதை எல்லாம் பொரிப்பகத்தில்தான். நல்ல ஆணையும் நல்ல பெண்ணையும் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்ப்பது, குஞ்சு வளர்ப்பது, அதில் சிறந்ததைப் பொறுக்கி மறுபடி ஜோடி சேர்ப்பது. இப்படியே அங்கே ஒரு வம்சத்தை உருவாக்கி வைத்திருந்தார். கொழுகொழுவென்ற வம்சம். ஓட்டைத் திறந்தால் பால் வழியும். அந்த வெள்ளைப் பால்தான் ஆணுக்கு விந்து, பெண்ணுக்கு முட்டை. எவ்வளவு பாலோ அவ்வளவு குஞ்சு. பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, அவர்கள் "அடேயப்பா" என்று சொல்லும்வரை மூடமாட்டார்.

இப்போது அங்கேயும் சின்னவன். கூடவே பழைய வேலையிடத்தில் வளர்த்த தன்னுடைய வம்சத்தையும் பெட்டிபெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினான். முதல் நாளே எல்லாரிடமும், "இவர் எங்க வீட்டுப் பெரியவர்" என்று அறிமுகம் வேறு. காதோரம் மட்டும் நரைத்த மனிதரை ஒரே வாக்கியத்தில் கிழவராக்கிவிட்டான். மறுநாளிலிருந்து வாயிற்காவலர்கூட "பெரியவர் வந்தாச்சு" என்றுதான் கேட்டைத் திறந்தார்.

பொரிப்பகத்தின் இயக்குநர் அம்மா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோடையில் கடல் சூடேறும்போதெல்லாம் பண்ணைகளில் சிப்பிகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டைத் தாங்குகிற ஒரு வம்சம் வேண்டும்.

"ரெண்டு வம்சத்தை வச்சுக்க நம்மகிட்ட தொட்டி இல்ல. உங்க ரெண்டு பேர் குஞ்சையும் ஒரே தண்ணியில ஒண்ணா விடுங்க. கோடை முடியட்டும். எது தாங்குதோ அது இருக்கும். இன்னொண்ணைக் காலி பண்ணிடுவோம்."

"நல்ல யோசனை மேடம்" என்றார் பெரியவர். சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜோடி சேர்க்கும் நாள் வந்தது. இருவரும் எதிரெதிர் மேசையில் கத்தியோடு உட்கார்ந்து சிப்பி திறந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று சின்னவன் அலறினான்.

"அண்ணே! ஒரு அப்பன்கூட இல்லண்ணே!"

சிப்பியை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. போதாததற்கு அது வருஷத்துக்கு வருஷம் மாறியும் தொலைக்கும். போன வருஷம் ஆண் என்று நம்பி அவன் தனியே வைத்திருந்தது எல்லாம் இந்த வருஷம் முட்டையும் வயிறுமாகப் பெண்ணாகிக் கிடந்தது.

"உன்னைப் பாத்து பயந்து மாறியிருக்கும்" என்றார் பெரியவர்.

"சிரிக்காதீங்கண்ணே. முட்டையெல்லாம் கழுவி ரெடியா இருக்கு, ரொம்ப நேரம் தாங்காது. உங்ககிட்ட ஆண் இருந்தா கொஞ்சம் கொடுங்க."

பெரியவரிடம் ஆண் இருந்தது. இரண்டு தட்டு நிறைய இருந்தது. வலது தட்டில் அவர் தனக்கென்று பொறுக்கி வைத்த குண்டர்கள். இடது தட்டில் கழித்துப்போட்ட ஒல்லிகள். சதை கண்ணாடி மாதிரி மெலிந்து, உள்ளே குடல்கூடத் தெரியும். பால் என்று பேருக்கு ஒரு சொட்டு. குப்பைக் கூடைக்குப் போக வேண்டியவை.

அவருடைய கை முதலில் வலது தட்டுக்குத்தான் போனது. இதைச் சத்தியம் செய்து சொல்லலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சின்னவனின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"சாப்டீங்களா மாப்ளே?" என்றது மாமியாரின் குரல். "வேலை வேலைன்னு வயித்தக் காயப் போடாதீங்க."

இத்தனை வருஷத்தில் மாமியார் பெரியவருக்கு வேலை நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் போன் செய்திருக்கிறார். அதுவும் வேறு யாருக்கோ போட்டது, தப்பாக இவருக்கு வந்துவிட்டது.

பெரியவரின் கை இடது தட்டுக்கு மாறியது.

"இந்தா. உனக்குன்னே தனியா எடுத்து வச்சிருந்தேன்."

சின்னவன் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் கேக்கறதுக்கு முன்னாடியேவாண்ணே?" என்றான். அவன் குரல் லேசாகக் கரகரத்தது. உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று பெரியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கோடை வந்தது. குஞ்சுகள் வளர்ந்து விரல் நீளம் ஆகியிருந்தன. தொட்டித் தண்ணீரைக் கடலைப் போலவே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினார்கள். சாவு தொடங்கியது. தினமும் காலையில் பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு, வாய் பிளந்து கிடந்தவற்றைப் பொறுக்கி எடுத்தார். இரண்டு வம்சமும் ஒன்றாகக் கலந்து கிடந்ததால், செத்தது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தால் தெரியாது. அதுவே அவருக்கு ஆறுதல். ஒவ்வொன்றாக எடுக்கும்போதும், "பாவம், சின்னவனோடது" என்று மனதுக்குள் துக்கம் விசாரித்தார்.

ஆனால் செத்தவை எல்லாம் பெரிய பெரிய சிப்பிகளாகவே இருந்தன. பெரிசாக இருந்தால் கண்ணில் படும், சின்னது தெரியாமல் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

"தூக்கத்துல ஒல்லி ஒல்லின்னு புலம்புறீங்க" என்றாள் மனைவி ஒரு நாள். "யாருங்க அது?"

"யாரும் இல்ல."

"அதானே பாத்தேன். உங்களுக்கு யாரு சிக்கப் போறா."

கோடை முடிந்ததும் பிழைத்தவை ஒவ்வொன்றிலிருந்தும் ஊசிமுனை அளவு சதை எடுத்தார்கள். மரபணு பார்க்கும் பெண் அதை இயந்திரத்தில் ஓட்டி, எதற்கு யார் அப்பா, யார் அம்மா என்று கண்டுபிடித்தாள். கூட்டத்தில் முடிவு திரையில் வந்தது. பிழைத்தவற்றில் பெரியவரின் வம்சம் தேடினால்தான் கிடைத்தது. மற்ற அத்தனையும் சின்னவனுடையவை. அம்மாக்கள் பல பேர். ஆனால் அப்பாக்கள் எல்லாரும் பெரியவர் கொடுத்த அந்த ஒரே தட்டிலிருந்து வந்தவர்கள்.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ வம்சம், ஒரே ஒரு படத்தில் போய்விட்டது. பக்கத்தில் சின்னவன் எழுந்தான். இதோ ஆரம்பிக்கிறான், இனி மாமியார் மாடிப்படியில் நின்று ஊருக்கே அறிவிப்பார் என்று அவர் மாத்திரைக்காகச் சட்டைப் பையைத் துழாவினார்.

"மேடம், இது என் வெற்றி இல்ல" என்றான் சின்னவன். "அன்னிக்கு என்கிட்ட ஒரு ஆண்கூட இல்ல. எல்லாத்தையும் பொறுக்கிக் கொடுத்தது அண்ணன்தான். எனக்குன்னே முன்கூட்டி எடுத்து வச்சிருந்தார். தன்னோட போட்டிக்கு வந்தவனுக்கு யாரு மேடம் அப்படி செய்வாங்க?"

எல்லாரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மரபணுப் பெண் கை தட்டவே ஆரம்பித்துவிட்டாள். இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எதை வச்சுப் பொறுக்குனீங்க? அடுத்த வருஷம் எல்லா அப்பாக்களையும் அதே மாதிரிதான் பொறுக்கப் போறோம். சொல்லுங்க."

'அனுபவம் மேடம்' என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது; மிட்டாய் மாதிரி இனிக்கவும் செய்தது. வம்சம் போனாலும் பெயர் நிற்கும். ஆனால் சின்னவன் இன்னும் உட்காரவில்லை. அவரைப் பெருமையோடு, தன் சொந்த அண்ணனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைத்தான் பெரியவரால் தாங்க முடியவில்லை. குழாய் அவனுடையது, மாமியார் அவனுடையவர், பிழைத்த சிப்பி எல்லாம் அவனுடையவை. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கே என்றால், எனக்கென்று என்னதான் மிச்சம்? ஒன்றிலாவது இவனை முந்தாமல் விடுவதா?

எழுந்து நின்றார்.

"ஒண்ணும் பொறுக்கல மேடம். நல்லதையெல்லாம் எனக்கு வச்சுக்கிட்டேன். குப்பையில போடறதுக்குன்னு கழிச்சு வச்சதை இவன்கிட்ட கொடுத்தேன். வயித்தெரிச்சல்ல கொடுத்தேன்."

மரபணுப் பெண் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கழிச்சது எப்படி இருந்துச்சு?" என்றார் இயக்குநர் அம்மா. அவருக்கு வயிற்றெரிச்சலில் அக்கறை இல்லை.

"ஒல்லி. பாலே கிடையாது."

"அப்படி வாங்க!" அவர் மேசையைத் தட்டினார். "இருக்கிற தெம்பையெல்லாம் பிள்ளை பெத்துக்கறதுக்கே செலவு பண்ணிட்டா, வெயில் வரும்போது உடம்புல என்ன இருக்கும்? கம்மியா பால் வச்சது பிழைச்சுக்குது. நாம இத்தனை வருஷமா சாகப் போறதையே தேடித் தேடிப் பொறுக்கியிருக்கோம். அடுத்த வருஷமும் நீங்கதான் பொறுக்கணும். உங்களுக்கு எது பிடிக்கலையோ அதை மட்டும் எடுத்து வைங்க."

சிரிப்பு எழுந்தது. சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்காமலே வெளியேறினான். வழக்கமாகப் பெரியவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புகிறவன், அன்று நடந்தே போனான்.

மறுநாள் பெரியவர் தன்னுடைய தொட்டிகளைக் காலி செய்யப் போனார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தண்ணீரை வடியவிட்டு, கொழுத்த தாய்ச்சிப்பிகளைக் கை கையாக அள்ளிக் கூடையில் போட்டார். ஒவ்வொன்றும் எந்த ஜோடிக்குப் பிறந்தது என்று அவருக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்ததாக நினைத்துத் துடைத்தார். வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது.

ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. சின்னவன் எதிர்ப்பக்கம் குனிந்து அள்ள ஆரம்பித்தான். ஒரு கூடை நிறைந்தது. இரண்டாவதும் பாதி வந்துவிட்டது.

"எதுக்குண்ணே சொன்னீங்க?" என்றான் கடைசியில், நிமிராமல். "அந்தத் தட்டைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? எங்கம்மாகிட்டகூட சொன்னேன். வேணாம்னு ஒதுக்கினதுன்னு தெரியாம, நான்பாட்டுக்கு சந்தோஷமா இருந்தேன்ல?"

பெரியவர் கையிலிருந்த சிப்பியைக் கூடையில் போட்டார்.

"கோவமா?"

"ஆமா."

"அப்போ திட்டு. மனசுல வச்சுக்காத."

சின்னவன் நிமிர்ந்தான். "நீங்க... ரொம்ப மோசம்ணே."

"இதெல்லாம் ஒரு திட்டா? உன் அண்ணி காலையில காபி கொடுக்கும்போதே இதைவிட நல்லா திட்டுவா."

"சின்ன புத்தி உங்களுக்கு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. புதுசா ஏதாவது சொல்லு. வயித்துலேர்ந்து சொல்லு."

சின்னவன் கையிலிருந்த கொழுத்த சிப்பியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி சிப்பியைப் பார்த்தான்.

"நீங்களும் உங்க சிப்பி மாதிரிதாண்ணே. பாக்கறவன் மெச்சணும்னு பூரா பாலையும் சேத்து வச்சுக்கிட்டு திரியறீங்க. அன்னிக்கு அத்தை எனக்கு ஒரு போன் பண்ணினாங்க, அந்தச் சூட்டைக்கூட உங்களால தாங்க முடியல."

அள்ளியது அப்படியே கையில் நிற்க, பெரியவர் சிலையாகிவிட்டார். திட்டு நேராக வந்து நெஞ்சில் இறங்கியது. ஒரு வார்த்தை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இவ்வளவு பொருத்தமான திட்டை, அதுவும் தன்னைப் பற்றியே, தான் முதலில் யோசித்திருக்கக் கூடாதா என்று அவருக்கு வயிறு எரிந்தது.