மூன்றாம் மாடியின் அவசர வழி

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கும், அவர்கள் இழுத்துக்கொண்டு வரும் குழந்தைகளுக்கும், இருவரும் சுமக்கும் பைகளுக்கும் வணிக வளாக நிர்வாகம் பூரிப்புடன் தெரிவித்துக்கொள்வது: உங்கள் உயிரே எங்கள் மூச்சு. இந்த வாரம் பாதுகாப்பு வாரம். வருகிற வெள்ளிக்கிழமை காலை, இதுவரை எவரும் கண்டிராத மாபெரும் தீ ஒத்திகை நடைபெறும். ஒத்திகையின்போது கடைகள் வழக்கம்போல் இயங்கும். தள்ளுபடியும் உண்டு.

ஒலிபெருக்கி இப்படி முழங்கிக்கொண்டிருந்தபோது, வளாகத்தின் பாதுகாப்பு அதிகாரி மூன்றாம் மாடியின் கோடியில் அவசர வழிக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு மேலே பச்சை விளக்குக்குள் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். கதவின் கைப்பிடியில் சங்கிலி. சங்கிலியில் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டு. போன வருடம் ஒரு திருடன் நாலு கைக்கடிகாரங்களோடு இந்த வழியாகத்தான் இறங்கிப் போனான். இனி எந்தத் திருடனும் தப்பக்கூடாது என்று நிர்வாகம் வைராக்கியமாகப் பூட்டிவிட்டது. மற்றவர்கள் தப்புவது பற்றி யோசிக்க யாருக்கும் பொழுதில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து வெளியேற இரண்டே வழி. நடுவில் நகரும் படிக்கட்டு, ஓரத்தில் இந்தக் கதவு. நகரும் படிக்கட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியின் சாப்பாட்டுக் கடைகள், அவற்றின் எண்ணெய்ச் சட்டிகள். அங்கே தீப்பிடித்தால் புகை படியேறித்தான் வரும். மேலே இருப்பவர்களுக்கு இந்தக் கதவை விட்டால் கதியில்லை. கதவை ஒட்டினாற்போல் இருக்கும் பொம்மைக் கடையில்தான் அதிகாரியின் மனைவி வேலை பார்க்கிறாள்.

இதனால் வீட்டில் அவருக்குத் தினமும் விசாரணை.

"திறந்தாச்சா?" என்பாள், தட்டு வைக்கும்போதே.

"பேசியிருக்கேன்."

"யாருகிட்ட, கதவுகிட்டயா?"

"மேனேஜர்கிட்டம்மா."

"கதவுகிட்டயே பேசியிருக்கலாம். அதுக்காவது கொஞ்சம் மனசு இளகும்."

அவர் குனிந்து சாப்பிடுவார். ஊருக்கெல்லாம் தீயணைப்பான் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவர், வீட்டில் பற்றியதை அணைக்கத் தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துகொள்வார்.

மறுநாள் காலை அவர் பொது மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் ஒத்திகைக்குப் பூங்கொத்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒத்திகைன்னா அபாய மணி அடிக்கணும்."

"மணியா? மணி அடிச்சா ஜனங்க பயந்து ஓடிடுவாங்களே!"

"அதுக்குத்தான் சார் மணி."

மேலாளர் அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பரிவோடு பார்த்தார். "மெலிசா ஒரு புல்லாங்குழல் போட்டுக்கலாம். அப்புறம்?"

"மூணாவது மாடிக் கதவைத் திறக்கணும் சார்."

இதற்கும் வழக்கம்போல் ஒரு சமாதானம் வரும் என்று அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல ஐடியா. வணிகர் சங்கத் தலைவரைத்தான் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டிருக்கேன். அவர் கையால திறந்து, அவரே முதல் ஆளா இறங்கட்டும். ஃபோட்டோவுக்குப் பிரமாதமா இருக்கும்."

அன்று இரவு அதிகாரி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "வெள்ளிக்கிழமை திறக்கிறோம்" என்றார், கதவைத் தானே செய்து மாட்டியவர்போல. மனைவி நம்பவில்லை, ஆனால் அவர் தட்டில் பொரியல் தாராளமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. புல்லாங்குழல் இசைத்தது. தீப்பிடித்துவிட்டதாக நம்ப வேண்டிய ஊழியர்கள் இஸ்திரி போட்ட சீருடையில், வரிசையாக, சிரித்த முகத்தோடு மூன்றாம் மாடிக் கோடியில் கூடினார்கள். பொம்மைக் கடை வாசலில் நின்று மனைவி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். காவலாளி பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார். சங்கத் தலைவர் கேமராவைப் பார்த்தபடியே கதவைத் தள்ளினார்.

கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. இடுக்கு வழியாக உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது.

தலைவர் அலறிக்கொண்டு பின்வாங்கியதில் மேலாளரின் காலை மிதித்தார். நாலு காவலாளிகள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு திறந்தது. படிக்கட்டு முழுக்க, மேல்படியிலிருந்து கண்ணுக்கெட்டிய ஆழம் வரை, துணிக்கடைப் பொம்மைகள். ஆளுயரம், வழுக்கைத் தலை, உடம்பில் பொட்டுத் துணியில்லை. எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே இறங்குகிற பாவனையில் நெருக்கியடித்து நின்றன. பக்கத்து ரெடிமேட் கடைக்காரர் படிக்கட்டை வாடகைக்கு எடுத்து, கீழ்வாசல் வழியாகச் சரக்கேற்றிக் கிடங்காக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் அதிகாரிக்குத் தெரிந்தது. வாடகைக்கு விட்டவர் யார் என்பதும், விட்டதையே அவர் மறந்துபோயிருந்தார் என்பதும் மேலாளரின் முகத்தில் தெரிந்தது.

தலைவர் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, நமக்கு முன்னாடியே இத்தனை பேர் கிளம்பிட்டாங்களா!"

"விழிப்புணர்வுக் காட்சி சார்!" என்றார் மேலாளர், மூச்சுவிடாமல். "ஆபத்து நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல ஓடினா நெரிசல் எப்படியிருக்கும்னு தத்ரூபமாக் காட்டியிருக்கோம்."

"அருமை! துணி கூட இல்லாம ஓடறாங்களே, எவ்வளவு நுணுக்கம்!"

கைதட்டல் எழுந்தது. பொம்மைகளை இலவசமாகத் தந்து உதவியதற்காக ரெடிமேட் கடைக்காரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதிகாரி வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, தலைவருக்குப் பக்கத்தில் தள்ளிப் படம் எடுத்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் நகரும் படிக்கட்டில் ஆறஅமர இறங்கிப்போய் டீ குடித்தார்கள். காட்சிப் பொருட்களுக்குச் சேதம் வரக்கூடாதென்று கதவு மறுபடி பூட்டப்பட்டது.

அதிகாரி பூங்கொத்தோடு நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்து, அதை மேசையில் அடித்தார். இதழ்கள் பறந்தன.

"என்ன சார் அநியாயம் இது? படிக்கட்டை வாடகைக்கு விடுவாங்களா? என் பொண்டாட்டி அந்தக் கதவுக்குப் பக்கத்துலதான் சார் நாள் முழுக்க நிக்கிறா!"

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. பெரிய குழப்பம் ஒன்று தெளிந்த நிம்மதிதான் இருந்தது.

"அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னமோ நீங்க பாதுகாப்புக்காகக் கேக்கறீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

தொலைபேசியை எடுத்தார். யாரையோ 'தம்பி' என்றார், யாரையோ 'அண்ணாச்சி' என்றார், இரண்டு முறை சிரித்தார். வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சது. திங்கட்கிழமையிலேருந்து உங்க வீட்டம்மாவுக்குக் கீழ்த்தளத்துல சென்ட் கடை. வாசலுக்கு ரெண்டடி. தும்மினா தெருவுல நிப்பாங்க. சந்தோஷமா?"

இல்லை என்று சொல்லத்தான் அதிகாரி வாயெடுத்தார். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது. உதிர்ந்த இதழ்களையும் அவரே பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தட்டு இன்னும் வரவில்லை.

"நான் கதவைத்தானே திறக்கச் சொன்னேன்? என்னை எதுக்கு நகத்தினீங்க?"

"கதவை நகத்த முடியல. உன்னை நகத்த முடிஞ்சுது."

"என்கூட அங்க இன்னும் மூணு பொண்ணுங்க நிக்கிறாங்களே?"

"அவங்களுக்கு நான் புருஷன் இல்லையே" என்றார். சொன்ன பிறகுதான் அது தன் குரலில் அச்சு அசல் மேலாளர் பேசுவதுபோல் இருப்பது உறைத்தது. அன்று அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை, பொம்மைக் கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவசர வழி எது என்று காட்டுவது பாதுகாப்பு அதிகாரியின் வேலை. அவர் போய், பச்சை விளக்குக்குக் கீழே பூட்டிக் கிடந்த கதவைக் காட்டினார்.